மகாராஷ்டிரச் சட்டமன்றத்துக்கு ஒரு தமிழர் மூன்று முறை தேர்வானது எப்படி?

‘தமிழர் ஓட்டு பலத்தால்தானே கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வன் மும்பையில் எம்.எல்.ஏ. ஆனார்? அப்படியென்றால் தமிழர்கள் நிறைந்த தாராவியில் ஏன் அது நடக்கவில்லை?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மும்பை அண்டாப் ஹில்லில் வளர்ந்தவன். இன்றும் அவருடைய சயான் கோலிவாடா தொகுதியில்தான் எனக்கு ஓட்டு. தமிழர் ஓட்டு அவருக்குப் பெரிய துணை, சந்தேகமில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே யாரும் கரையேற முடியாது. மராத்தியர், வட இந்தியர், முஸ்லிம்கள், பிரிவினையின்போது வந்து ஜி.டி.பி. நகரில் குடியேறிய அகதிக் குடும்பங்கள் என்று கலந்து கிடக்கும் தொகுதி இது. இவர்களில் எந்தத் தரப்பும் தனியாக ஒருவரை ஜெயிக்க வைத்துவிட முடியாது.

தமிழ்ச்செல்வன் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். இளம் வயதில் பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்து, ரயில் நிலையத்தில் சுமை தூக்கி, பிறகு பார்சல் ஒப்பந்த வேலைக்கு உயர்ந்தவர். சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் முனையத்தில் பார்சல் பகுதிப் பக்கம் போயிருந்தால் அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்று தெரியும். சாக்கில் தைத்த பொதிகள், அவற்றின் மேல் மையால் எழுதிய ஊர்ப் பெயர்கள், பாரம் ஏறியதும் நான்கு பேர் தள்ளினால்தான் நகரும் இரும்பு வண்டிகள். 2008 நவம்பர் 26 இரவு அந்த நிலையத்துக்குள் பயங்கரவாதிகள் இருவர் சுட்டதில் 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஓடி ஒளிய வேண்டிய அந்த நேரத்தில், காயம்பட்டுக் கிடந்தவர்களைத் தூக்கி மருத்துவமனைக்கு அனுப்பியவர்களில் தமிழ்ச்செல்வனும் ஒருவர். அவருடைய கட்சியான பா.ஜ.க.வை எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு விஷயம். இந்த ஒரு காரியத்துக்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அரசியலில் அவருடைய முதல் படி மாநகராட்சி. பா.ஜ.க. சார்பில் கவுன்சிலராக இருந்துவிட்டுத்தான் 2014-இல் சட்டமன்றத்துக்கு நின்றார். அந்தத் தேர்தலின் சூழ்நிலையைக் கவனிக்காமல் அவர் வெற்றியைப் பேசவே கூடாது. பா.ஜ.க.வும் சிவசேனாவும் 25 ஆண்டுக் கூட்டணியை முறித்துக்கொண்டன. காங்கிரசும் தேசியவாத காங்கிரசும் பிரிந்து நின்றன. ஓட்டு நாலாபக்கமும் சிதறியது. 40,000 சொச்சம் ஓட்டு வாங்கியவர் வென்றுவிட்டார். சிவசேனாவின் மங்கேஷ் சாதம்கரை விட 4,000-க்கும் குறைவான ஓட்டுகள்தான் கூடுதல். 1966-இல் தொடங்கிய சிவசேனா, ஆரம்ப காலத்தில் தென்னிந்தியர்களை விரட்டும் கோஷத்தோடு வளர்ந்த கட்சி. அந்தக் கட்சி வேட்பாளரை ஒரு புதுக்கோட்டைக்காரர் தோற்கடித்த செய்தி வந்தபோது எங்கள் தெருப் பெரியவர்கள் சிலர் கண் கலங்கினார்கள். அந்தக் காலத்து அடி உதையை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்.

2019-இல் கூட்டணி மீண்டும் கூடியதும் காங்கிரசின் கணேஷ் யாதவை ஏறத்தாழ 14,000 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். 2024-இல் அதே கணேஷ் யாதவுடன் மீண்டும் மோதினார். வென்றார், ஆனால் வித்தியாசம் 8,000-க்கும் கீழே இறங்கிவிட்டது.

ஓட்டு எங்கிருந்து வருகிறது என்பதை என் வீட்டு விஷயத்தை வைத்தே சொல்கிறேன். குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் இலவச வீடு வேண்டுமென்றால் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கே வசித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். என் அம்மாவின் பெயர் தகுதிப் பட்டியலில் விடுபட்டுப்போனது. காரணம், நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ரேஷன் அட்டையில் அம்மா பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். பழைய வாக்காளர் பட்டியலில் தாத்தா பெயர். மின்சார பில்லில் வெறும் இனிஷியல். மூன்றும் மூன்று ஆட்கள் என்று சொல்லிவிட்டார் அந்த அதிகாரி. மாதக்கணக்கில் அலைந்தோம். கடைசியில் எங்கள் வார்டு கவுன்சிலர் அலுவலகத்தில் இருந்த ஒரு மராத்தி அண்ணன்தான் மூன்று காகிதங்களையும் மேசை மேல் வரிசையாக வைத்துப் பார்த்து, பிரமாணப் பத்திரம் எழுதவைத்து, கூடவே வந்து மனுவைச் சேர்த்தார். அந்தக் கவுன்சிலர் தமிழர் இல்லை. ஆனாலும் அடுத்த தேர்தலில் எங்கள் சந்தில் பாதித் தமிழ்க் குடும்பங்கள் அவருக்குத்தான் போட்டன.

இப்படி ஆயிரக்கணக்கான காகிதங்கள் மேல்தான் இங்கே ஓர் எம்.எல்.ஏ. நிற்கிறார். 2022 மார்ச்சில் மாநகராட்சியின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகி பொறுப்பேற்ற பிறகு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலர்களே இல்லை. குழாயில் தண்ணீர் வராததிலிருந்து சாக்கடை அடைப்பு வரை எல்லாப் புகாரும் எம்.எல்.ஏ. வாசலுக்கே போயின. பதவியில் இருப்பவர் மேல் கோபம் கூட அது ஒன்றே போதும். 2024-இல் வித்தியாசம் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

தாராவியைப் பற்றிக் கேட்டீர்கள். அது பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. அதனால் அங்குள்ள தமிழர்களில் பட்டியல் சாதியைச் சேராதவர்கள் வேட்பாளராகவே நிற்க முடியாது. நிற்கக்கூடியவர்களுக்கும் பெரிய கட்சியின் டிக்கெட் வேண்டும். அங்கே காங்கிரசின் ஏக்நாத் கெய்க்வாட் குடும்பம் வேரூன்றியிருக்கிறது. அவர் மகள் வர்ஷா கெய்க்வாட் 2004 முதல் 2019 வரை நான்கு தேர்தல்களிலும் வென்றார்; 2024-இல் அவர் மக்களவைக்குப் போனதும் சகோதரி ஜோதி வென்றார். அந்தக் குடும்பத்துக்குத் தமிழர்களும் மனமாரத்தான் ஓட்டுப் போடுகிறார்கள்.

தமிழர் என்பதற்காக மட்டும் தமிழ்ச்செல்வனைக் கொண்டாடுவது எனக்கு உடன்பாடில்லை. 288 பேர் கொண்ட அவையில் நம் குரலாக அவர் இருக்கிறார் என்றால், கேட்க வேண்டியதையும் அவரிடமே கேட்போம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் உண்டு. அந்தத் தமிழ் வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவற்றைக் காப்பாற்ற அவர் சட்டமன்றத்திலும் மாநகராட்சியிலும் விடாமல் போராட வேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு எங்கள் சந்துக்கு வரும்போது நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.