டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் கேம்பர் வேன்: ஸ்பேர் டயர் ஒன்று போதுமா?

கேள்வி: ஆகஸ்ட் கடைசியில் கனடாவின் டாசன் நகரிலிருந்து இனுவிக் வரை வாடகை கேம்பர் வேனில் இருவர் போகிறோம். டீசல் வண்டி, 75 லிட்டர் டேங்க், ஒரு ஸ்பேர் டயர். இது போதுமா? டீசலுக்கும் இரவுக் குளிருக்கும் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: போதாது. ரிம்மோடு சேர்ந்த முழு அளவு ஸ்பேர் இரண்டு வேண்டும். அதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். சரளைச் சாலையில் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு. அதை மீறிப் போய் வண்டி நின்றால், காப்பீடும் கிடைக்காது, இழுத்து வரும் செலவும் உங்கள் தலையில் விழும்.

டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை மட்டும் இனுவிக் வரை சுமார் 736 கி.மீ.; கிட்டத்தட்ட முழுவதும் சரளைதான். யூகான் பகுதியில் உடைத்துக் கொட்டியிருக்கும் ஷேல் கல் சில்லு சில்லாக, கத்தி முனை போல இருக்கும். ஓடுபட்டையில் விழும் ஓட்டையை, ரப்பர் திரி செருகி அடைக்கும் பிளக் கிட் வைத்து அடைத்துவிடலாம். பக்கச் சுவர் கிழிந்தால் அந்த டயர் அவ்வளவுதான். ஒரே ஸ்பேரோடு போனால், முதல் கிழிசலுக்குப் பிறகு அடுத்த ஊர் வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

சுமை வண்டிகளுக்கான தடித்த டயர், அதாவது 10 பிளை எல்.டி. டயர் போட்ட வண்டியாகக் கேட்டு வாங்குங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் அளவிலிருந்து 10 சதவீதம் காற்றைக் குறைக்கலாம். அப்போது வேகம் மணிக்கு 70 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. குறைந்த காற்றில் வேகமாகப் போனால் பக்கச் சுவர் சூடேறிப் பிளந்துவிடும். தார்ச் சாலைக்கு வந்ததும் 12 வோல்ட் கம்ப்ரசரால் பழைய அளவுக்கு நிரப்புங்கள். வீல் நட்டுகளை மெஷினால் முடுக்கியிருப்பார்கள்; வண்டியோடு வரும் சின்ன ஸ்பேனருக்கு அசையாது. கிளம்பும் முன் ஒரு சக்கரத்தையாவது கழற்றி மாட்டிப் பாருங்கள். ஈரச் சரளையில் ஜாக்கி புதைந்துவிடும்; அதற்கு அடியில் வைக்க ஓரடிச் சதுர பிளைவுட் பலகை ஒன்று இருக்கட்டும்.

டீசல் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டாசனிலிருந்து சாலை தொடங்கும் சந்திப்புக்கு 40 கி.மீ., அங்கிருந்து வழியில் டீசல் கிடைக்கும் ஈகிள் பிளெய்ன்ஸ் 369 கி.மீ. சரளையில் 100 கி.மீ.க்கு 15 லிட்டர் என்று வைத்தால் 61 லிட்டர். டேங்கில் மீதி 14. ஓடத் தாராளம் என்று தோன்றும். ஆனால் வண்டிக்குள் சூடேற்றும் டீசல் ஹீட்டரும் அதே டேங்கிலிருந்துதான் குடிக்கும்; அதன் குழாய் டேங்கின் அடிவரை போகாது. கால் டேங்குக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஹீட்டர் எரியாது. ஈகிள் பிளெய்ன்ஸுக்குச் சற்று முன்பாகத் தங்கினால், வண்டி ஓடும், நீங்கள் நடுங்குவீர்கள். வண்டிக்கு வெளியே 20 லிட்டர் டீசல் கேன் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள்; இரவு ஹீட்டரைப் போடுவதற்கு முன்பே அதை டேங்கில் ஊற்றிவிடுங்கள். ஹீட்டர் மணிக்கு 0.1 முதல் 0.3 லிட்டர்தான் குடிக்கும். இரவெல்லாம் சிறு அனலில் விட்டால் கரி படியும். காலையில் ஹீட்டரைக் கால் மணி நேரம் முழுச் சூட்டில் எரியவிட்டு அணையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கிளம்பும் முன்பே அழுத்திச் சோதியுங்கள்.

அடுத்த கண்ணி ஃபெர்ரி. பீல் ஆற்றையும் மெக்கென்சி ஆற்றையும் கோடையில் ஃபெர்ரியில்தான் கடக்க வேண்டும், கட்டணம் இல்லை. மழைக்குப் பிறகு வெள்ளம் ஏறினாலோ மரக்கட்டைகள் மிதந்து வந்தாலோ நிறுத்திவிடுவார்கள். ஈகிள் பிளெய்ன்ஸிலிருந்து பீல் கரை சுமார் 170 கி.மீ.; ஃபெர்ரி நின்றிருந்து திரும்ப வேண்டி வந்தால் மொத்தம் 340. எனவே ஈகிள் பிளெய்ன்ஸில் டேங்க், கேன் இரண்டையும் நிரப்பாமல் வடக்கே நகராதீர்கள். இரண்டு நாள் உணவும் குடிநீரும் கூடுதலாக இருக்கட்டும். காலையில் சாலை நிலவரம் சொல்லும் 511 என்ற தகவல் சேவையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வழியில் பெரும்பகுதி செல்போன் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியை வாடகைக்காவது எடுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகலாம். சமையலுக்கு பியூட்டேன் டப்பா உதவாது. பூஜ்யத்துக்கு அருகிலேயே அது ஆவியாக மறுக்கும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை தாங்கும். லித்தியம் பேட்டரி உறைகுளிரில் இருந்தால் வண்டிக்குள் சூடேறும் வரை சார்ஜ் ஏற்றாதீர்கள்.

தூசி பின்கதவு ரப்பர் இடுக்கு வழியாகத்தான் வரும். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஜன்னல்களையும் கூரைத் துவாரத்தையும் மூடி, முன்பக்க ஃபேனை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் ஓடவிட்டால் உள்ளே அழுத்தம் கூடித் தூசி நின்றுவிடும். எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து வலப்புறம் ஒதுங்குங்கள். கண்ணாடிக்குக் கல் வருவது அங்கேதான். சாலை திடீரென அகலமாக, நேராகத் தெரிந்தால் அது அவசர விமான ஓடுபாதையாக இருக்கலாம். அங்கே நிறுத்தக் கூடாது.

தூசியை அடக்கத் தெளிக்கும் கால்சியம் குளோரைடு மழையில் வழுக்கும், காய்ந்தால் சிமெண்டாக ஒட்டும். ஸ்டியரிங் அதிர ஆரம்பித்தால் முதலில் ரிம்மின் உட்பக்கச் சேற்றைச் சுரண்டுங்கள். டாசன் திரும்பிய அன்றே அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். விட்டால் துரு பிடிக்கும்.