சவர்க்காரம் போட்டால் முகம் எரிகிறது. 'மென்மையானது' என்று எழுதிய முகக்கழுவி உதவுமா?

உப்புவெளியில் கடலில் குளித்துவிட்டு வந்து சவர்க்காரம் போட்டதும் கன்னம் எரிகிறது என்கிறீர்கள். மாற்றிப் பார்க்கலாம். ஆனால் போத்தலின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். 'மென்மை' என்று யாரும் அச்சிடலாம். பின்பக்கப் பொடியெழுத்தைப் படியுங்கள்.

அழுக்கையும் எண்ணெயையும் நீரோடு சேர்த்துக் கழுவுவது சர்ஃபாக்டன்ட். சோடியம் லோரில் சல்பேட் போன்ற கடுமையான வகை அழுக்கோடு நிற்பதில்லை. தோலின் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது, செல்களுக்கிடையே உள்ள கொழுப்பையும் குலைக்கிறது. தோலின் இந்தக் காப்பு ஓட்டையானால் ஈரம் வெளியேறும், உப்பும் வியர்வையும் உள்ளே உறுத்தும். டெசில் குளுக்கோசைட், சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் ஆகியவை இந்த வேலையில் மிகவும் அடக்கமானவை. நுரை குறைந்தால் கவலை வேண்டாம். நுரைக்கும் சுத்தத்திற்கும் பெரிய உறவில்லை.

சாதாரண சவர்க்காரத்தின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 9 முதல் 10 வரை; அது காரம். தோலுடையது ஏறத்தாழ 5, இலேசான அமிலம். உங்கள் வீட்டுக் கிணற்று நீர் கல்சியம் மிகுந்த வன்னீர் என்றால் இன்னும் மோசம். கல்சியத்தோடு சேர்ந்து சவர்க்காரம் வெண்படிவாகும். வாளியின் உட்புறத்தில் விரலால் சுரண்டினால் வருமே, அதேதான் முகத்திலும் தங்குகிறது.

ஒரு எச்சரிக்கை: கோகமிடோப்ரோபில் பீட்டெயின் என்ற சர்ஃபாக்டன்டும் மென்மையானதுதான். ஆனாலும் அதன் தயாரிப்பில் மிஞ்சும் கலப்புகள் சிலருக்கு ஒவ்வாமை தரும். புதியதை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சில நாட்கள் பூசிக் கழுவிப் பாருங்கள். சிவந்து தடித்தால் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.