பன்னிரண்டு இரவுக் கப்பல் பயணத்தில் துணி துவைக்க என்ன வழி?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “ஆகஸ்ட் மாதம் பார்சிலோனாவில் ஏறி, 12 இரவுகள் மத்தியதரைக் கடலில் சுற்றி வரப் பதிவு செய்திருக்கிறோம். நானும் கணவரும், மாமியாரும், இரண்டு பிள்ளைகளும் போகிறோம். விமானத்தில் ஆளுக்கு ஒரு பெட்டிதான். கப்பலில் நாமே துவைத்துக்கொள்ளும் வசதி இல்லை என்றும், துணிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பணம் வாங்குவார்கள் என்றும் முகவர் சொல்கிறார். அதிகச் செலவில்லாமல் சமாளிக்க முடியுமா? சிறிய இஸ்திரிப் பெட்டி ஒன்றைக் கொண்டுபோகலாமா?”

முடியும். ஆனால் கப்பலில் துவைப்பது கடினமான வேலை இல்லை, காய வைப்பதுதான் கடினம். எந்தத் துணியை எடுத்துச் செல்வது, எதை நாமே அலசுவது, எதைக் கப்பல்காரர்களிடம் கொடுப்பது என்ற மூன்று முடிவுகளையும் இந்த ஒன்றை மனதில் வைத்தே எடுக்க வேண்டும்.

முகவர் சொன்னது சரியாகவே இருக்கும். ராயல் கரீபியன், செலிபிரிட்டி, எம்.எஸ்.சி. ஆகிய நிறுவனங்களின் கப்பல்களில் பயணிகளுக்கான சலவையறை கிடையாது. கார்னிவல், பிரின்சஸ் நிறுவனங்களின் பெரும்பாலான கப்பல்களிலும் டிஸ்னி கப்பல்களிலும் கட்டணச் சலவை இயந்திரங்கள் உண்டு. குனார்ட் கப்பல்களிலும் வைக்கிங் நிறுவனத்தின் கடல் கப்பல்களிலும் அவை இலவசம். அடுத்த முறை நீண்ட பயணம் பதிவு செய்யும்போது இதையும் விசாரித்துவிட்டுக் கப்பலைத் தேர்ந்தெடுங்கள். அப்படிப்பட்ட கப்பல் அமைந்தால், எல்லோரும் கப்பலிலேயே இருக்கும் கடல் நாட்களில் சலவையறைப் பக்கம் போகாமல், மற்றவர்கள் கரையிறங்கியிருக்கும் நேரத்தில் போனால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

உங்கள் கப்பலில் இரண்டு வகைக் கட்டணம் இருக்கலாம். ஒன்று, அறை அலமாரியில் வைத்திருக்கும் பட்டியலின்படி துணிக்கு இவ்வளவு என்பது. மற்றொன்று, நீண்ட பயணங்களில் பெரும்பாலும் பாதி வழியில் அறிவிக்கப்படும் பைக் கட்டணம்: அவர்கள் தரும் பையில் அடங்குகிற அளவுக்குத் துணியை நிரப்பிக் கொடுத்தால், மொத்தத்துக்கும் ஒரே விலை. உதாரணத்துக்கு, டி-சட்டைக்கு 4 டாலர், உள்ளாடைக்கு 2 டாலர், பைக்கு 35 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 10 டி-சட்டைகளும் 15 உள்ளாடைகளும் தனித்தனியே கொடுத்தால் 70 டாலர். அத்தனையும் ஒரே பையில் அடங்கினால் அதில் பாதிதான். மடித்து அடுக்குவதைவிட இறுக்கமாகச் சுருட்டி நிறுத்தி வைத்தால் பையில் நிறைய அடங்கும். ஏறிய அன்றே அறைப் பணியாளரிடம் இந்தச் சலுகை உண்டா, எந்த நாளில் வரும் என்று கேட்டுவிடுங்கள். அந்த நாள் தெரிந்தால் அதுவரைக்கும் போதுமான துணியை மட்டும் எடுத்து வைக்கலாம்.

பையில் எதைப் போடுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சூடான நீரில் துவைத்து, சுழல் உலர்த்தியில் போட்டு, மடித்து மட்டும் தருவார்கள். தேய்த்துத் தர மாட்டார்கள். ஆகவே பட்டு, கம்பளி, சரிகை, சாயம் போகக்கூடிய சுங்குடி, மாமியாரின் கஞ்சி போட்ட பருத்திப் புடவை எதுவும் அதற்குள் போகக் கூடாது. கொடுப்பதற்கு முன் துணிகளைப் படுக்கையில் பரப்பி ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டால், எண்ணிக்கையில் சந்தேகம் வரும்போது உதவும். சலவைக் கட்டணம் உங்கள் அறைக் கணக்கில்தான் ஏறும். பதிவின்போது கப்பல் செலவுக்கென்று ஏதாவது சலுகைத் தொகை கிடைத்திருந்தால் அதை இதற்குப் பயன்படுத்துங்கள். இந்திய வங்கி அட்டையில் டாலராகக் கழிக்கப்படும் செலவுக்கு மாற்றுக் கட்டணமும் சேரும் என்பதால் இது இரட்டிப்பு நன்மை.

இனி நீங்களே துவைப்பது. நீங்கள் போகும் காலத்தில் அங்கே கடும் கோடை. ரோமிலோ நேப்பிள்ஸிலோ ஒரு நாள் நடந்துவிட்டு வந்தால் சட்டை உப்புப் பூத்திருக்கும். அதை அன்றிரவே அலசிவிட வேண்டும், சேர்த்து வைக்கக் கூடாது. திரவச் சோப்பு கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போக முடியாது, பெட்டியில் கசிந்தாலும் தொல்லை; நம் ஊர் சலவைக் கட்டி ஒன்றை நான்காக வெட்டி எடுத்துச் செல்வதே நல்லது. கப்பல்களில் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் கடல் நீரிலிருந்து உப்பு நீக்கி எடுத்தது, மிக மென்மையானது. கொஞ்சம் தேய்த்தாலே நுரை பொங்கும். வழக்கமாகப் போடுவதில் பாதி போதும். அதிகம் போட்டால் அலசி மாளாது.

பிழிவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கையால் முறுக்கிப் பிழிந்த துணியில் இன்னும் நிறைய ஈரம் இருக்கும். குளியலறையில் தரும் பெரிய துண்டைத் தரையில் விரித்து, அதன்மேல் சட்டையைச் சுருக்கமில்லாமல் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டுங்கள். பிறகு அந்தச் சுருளின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழங்காலால் அழுத்திக்கொண்டே போங்கள். பிரித்தால் துண்டு கனத்துக் கிடக்கும், சட்டை தொட்டால் ஜில்லென்று மட்டும் இருக்கும். பாலியெஸ்டர், நைலான் கலந்த துணி இந்த நிலையிலிருந்து பெரும்பாலும் காலைக்குள் காய்ந்துவிடும். மெல்லிய பருத்தி வேட்டியும் அப்படியே. ஜீன்ஸ் இரண்டு நாள் ஆனாலும் காயாது, ஈர வாடையும் வந்துவிடும். பிள்ளைகளுக்கு ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை.

காயப் போடும் இடத்தைப் பொறுத்தவரை, குளியலறையில் இழுத்துக் கட்டும் சிறு கொடி ஒன்று இருக்கும், ஆனால் குளித்த நீராவியில் அங்கே எதுவும் சீக்கிரம் உலராது. கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் பிடிக்கும். நான்கைந்து கொண்டுபோய் அறைக்குள்ளேயே மாட்டுங்கள். குளிர்சாதனக் காற்று வறண்டது. அறைக் காற்று பொதுவாகக் குளியலறை வழியாகத்தான் வெளியே உறிஞ்சப்படுகிறது. இரவில் அதன் கதவைச் சற்றுத் திறந்து வைத்தால் வறண்ட காற்று துணிகளைத் தடவிக்கொண்டே போகும். கூரையில் தெரியும் தீயணைப்பு நீர்த்தெளிப்பானில் மட்டும் எதையும் தொங்கவிடாதீர்கள். அது உடைந்தால் அறையே வெள்ளக்காடாகும்.

பால்கனியிலும் துணி தொங்கக் கூடாது. காற்றில் பறப்பது ஒரு காரணம், தீ இன்னொரு காரணம். 2006 மார்ச் 23 அன்று ஜமைக்காவை நோக்கிச் சென்ற ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் பற்றிய தீ வரிசையாக மற்ற பால்கனிகளுக்குப் பரவியது, ஒரு பயணி இறந்தார். அணைக்காமல் எறிந்த சிகரெட் துண்டே காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. 1998 ஜூலை 20 அன்று மயாமிக்கு அருகே எக்ஸ்டசி கப்பலில், சலவைக்கூடத்தில் செய்த வெல்டிங் வேலையின் நெருப்பு, காற்றுக் குழாய்களில் சேர்ந்திருந்த துணித் தூசியைப் பற்றிக்கொண்டது. கடலில் தீ என்றால் ஓடிப்போக இடமில்லை. இஸ்திரிப் பெட்டியையும் நீராவிக் கருவியையும் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்றால் அதற்கு இதுதான் காரணம். உங்களுடையதை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். நல்ல விருந்துக்கு உடுத்தும் ஓரிரு உடைகளைக் கப்பலில் தேய்க்கக் கொடுத்தால் போதும், அந்தச் செலவு பெரிதல்ல.

துறைமுக ஊர்களில் சுயசேவைச் சலவைக் கடைகள் உண்டு. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பலகையில் ‘லவாந்தெரியா’ என்று இருக்கும். ஆனால் துவைத்து உலர்த்த ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ரோமைப் பார்க்கக் கப்பல் நிற்கும் சிவிடவெக்கியா துறைமுகத்திலிருந்து நகருக்கே சுமார் 80 கிலோமீட்டர். அந்த நாளில் சலவைக் கடையில் உட்காருவது, சேமிக்கும் பணத்துக்கு ஈடாகாது. பயணத்துக்கு முன்போ பின்போ பார்சிலோனாவில் ஓர் இரவு தங்குவதாக இருந்தால் அங்கே துவைத்துக்கொள்வது பொருந்தும்.

கடைசியாக ஒன்று. இறங்குவதற்கு முந்தைய இரவே பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். அதற்குப் பிறகு காயும் துணிக்குக் கைப்பைதான் இடம். கப்பல் சலவையும் திரும்பி வர ஒன்றிரண்டு நாள் எடுக்கும். ஆகவே பையை 9ஆம் நாளுக்குள் கொடுத்துவிடுங்கள், 10ஆம் இரவோடு அறையில் துவைப்பதையும் நிறுத்திவிடுங்கள்.