ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது டர்போ காரில் விசில் மாதிரி சத்தம் வருகிறது. டர்போவை மாற்றத்தான் வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி மாதிரியான பாகம். மேட்டில் ஏறும்போது விசில், வண்டி இழுக்கவில்லை, ஒர்க்‌ஷாப்பில் “டர்போ போச்சு” என்று சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டி நிற்கும்போது நியூட்ரலில் ரெய்ஸ் செய்தால் அந்தச் சத்தம் வருகிறதா என்று சொல்லவில்லை. வராது என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் என் டீசல் காரில் இதேதான் நடந்தது, எனக்கும் இதே பதில்தான் கிடைத்தது.

மூன்றாவது கியரில் 2000 ஆர்.பி.எம். தாண்டியதும் தூரத்தில் ஆம்புலன்ஸ் வருவதைப் போல ஒரு ஊளை கிளம்பும். காலை எடுத்தால் உடனே நின்றுவிடும். பின்னால் கறுப்புப் புகை. ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, நியூட்ரலில் ரெய்ஸ் செய்து பார்த்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. ஸ்கேனரைச் செருகினார்கள், பி0299 என்ற எரர் கோடு (பழுதைக் குறிக்கும் எண்) வந்தது. உடனே டர்போவை மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோடு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எஞ்சின் கேட்ட அளவுக்குக் காற்றழுத்தம் வரவில்லை. டர்போ கெட்டிருந்தாலும் அது வரும், வழியில் எங்காவது காற்று ஒழுகினாலும் வரும், வேஸ்ட்கேட் (டர்போவைச் சுற்றும் புகையில் ஒரு பகுதியை வேறு வழியில் திருப்பிவிடும் வால்வு) சரியாக மூடாவிட்டாலும் வரும். எது என்று ஸ்கேனர் சொல்லாது, ஆள்தான் பார்க்க வேண்டும்.

எஞ்சினை ஆற வைத்து, டர்போவுக்குள் காற்று போகும் ஹோஸைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். டர்போவின் நடுவில் சுற்றும் தண்டான ஷாஃப்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் லேசான ஆட்டம் இருந்தது. அது இருக்கலாம். பல டர்போக்களில் ஷாஃப்ட் மிதப்பது ஆயில் படலத்தின் மேல்தான், எஞ்சின் நிற்கும்போது அந்த இடைவெளி கைக்குத் தெரியும். பார்க்க வேண்டியது முன்னும் பின்னும் இழுத்தால் வரும் ஆட்டத்தை. என்னுடையதில் கைக்குத் தெரிகிற மாதிரி எதுவும் இல்லை. இறக்கைகளின் விளிம்பு சுத்தமாக இருந்தது, சுற்றியுள்ள கூட்டில் உரசிய கீறலும் இல்லை. இப்படி இருக்கிற டர்போவை எதற்கு மாற்ற வேண்டும்?

அப்புறம் டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தடவிக்கொண்டே போனேன். மேலே பார்த்தால் புதுசு போல இருந்தது. அடிப்பக்கம், கிளாம்புக்குச் சற்றுத் தள்ளி, பிசுபிசுப்பாக ஆயில் கலந்த கரி விரலில் ஒட்டியது. ஹோஸை வளைத்ததும் அங்கே ஒரு விரல் நீளத்துக்கு ரப்பர் உதடு பிரிவது போல வாய் திறந்தது. கையை விட்டால் மூடிக்கொண்டது, வெடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. நியூட்ரலில் சத்தம் வராததற்குக் காரணமும் இதுதான். எஞ்சினுக்குச் சுமை இல்லாதபோது டர்போ பெரிதாக அழுத்தம் கட்டாது, வெடிப்பும் திறக்காது. மேட்டில் மிதித்தால்தான் திறக்கும், காற்று பீறிடும், ஊளையிடும். போக வேண்டிய காற்று போகாததால் டீசல் சரியாக எரியாமல் கறுப்புப் புகையும் வரும். ஹோஸை மட்டும் மாற்றினேன். சத்தமும் புகையும் போய்விட்டன.

இதைப் படித்துவிட்டு “ஒரு வண்டியை வைத்து எல்லாருக்கும் அறிவுரையா” என்று சிலர் கேட்பார்கள். எல்லா ஊளையும் ஹோஸ்தான் என்று நான் சொல்லவில்லை. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கும் மேல் ஓடும் பொருள் அது, பேரிங் தேய்ந்தால் உண்மையாகவே போய்விடும். அப்போது அறிகுறி வேறு: ஊளை நாளுக்கு நாள் கூடும், நீலப் புகை வரும், ஆயில் குறையும். உலோகம் உரசுகிற சத்தம் கேட்டால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். டீசலில் டர்போவின் சீல் விட்டுப்போனால் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓட ஆரம்பிக்கும் ஆபத்தும் இருக்கிறது. ஹோஸ் ஒழுகலையும் அப்படியே விடக்கூடாது. குறைகிற அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ கூடுதல் வேகத்தில் சுற்றும், நல்ல டர்போவும் அதில் கெடும்.

என் ஆதங்கம் வேறு ஒன்று. இப்போது பல இடங்களில் வண்டியில் கை வைப்பவரிடம் நாம் பேசவே முடிவதில்லை. கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டும், மேசையில் இருப்பவர் நாம் சொன்னதை “எஞ்சின் நாய்ஸ்” என்று இரண்டு வார்த்தையில் தட்டி உள்ளே அனுப்பிவிடுவார். மூன்றாவது கியர், மேடு, காலை எடுத்தால் நிற்கிறது என்று நான் சொன்னதெல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் காணாமல் போயிற்று. உள்ளே இருக்கும் மெக்கானிக் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டியிருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். வண்டியை ஓட்டுகிறவனின் காது தினமும் அதைக் கேட்கிறது, அதற்கு மதிப்பே இல்லையா?

சரி, உங்கள் சத்தம் விசில் இல்லையென்றால் இதையும் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டை (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயின் இணைப்பில் இருக்கும் அடைப்பை) சந்தேகப்படலாம், உலோகம் விரிந்து இடைவெளியை அடைத்துவிடும். காலை எடுக்கும்போது தகரம் நடுங்குவது போல வந்தால் வேஸ்ட்கேட் கை, இல்லையென்றால் லூஸான ஹீட் ஷீல்டு (சூட்டைத் தடுக்கும் தகடு). நியூட்ரலிலும் ஆர்.பி.எம். கூடக்கூட அதே சத்தம் கூடினால் பெல்ட், புல்லி பக்கம் போங்கள். பெட்ரோல் டர்போவில் குறைந்த ஆர்.பி.எம்.மில் பெரிய கியரில் மிதித்து ‘டங்’ என்று உள்ளே தட்டினால் விளையாட்டில்லை, பிஸ்டனே உடையலாம். கியரைக் குறைத்து ஓட்டுங்கள், கம்பெனி சொன்ன தர ஆயில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் விசிலுக்கு முதலில் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். குழாய்களுக்குள் புகையை அழுத்தி விட்டால் ஒழுகும் இடத்தில் வெளியே வரும். டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து எஞ்சின் வரை எல்லா ஹோஸையும் அடிப்பக்கமும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் டர்போதான் என்றால், இழுத்தால் வரும் ஆட்டத்தையும் உரசிய தடத்தையும் உங்கள் கண்முன் காட்டட்டும். புகை என்ன நிறம், ஆயில் குறைகிறதா என்பதையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.