எங்கள் மலைக்கிராமத்துக்கு மாலையில் இன்னொரு பஸ் வேண்டும். யாரிடம் கேட்பது: டிப்போவிலா, கோவையிலா, சென்னையிலா?

நீங்கள் கேட்பது என்ன என்பதைப் பொறுத்தது. இருக்கிற பஸ்ஸின் நேரம் மாற வேண்டும் என்றால் டிப்போ போதும். புது நடை, அதாவது கூடுதலாக ஒரு டிரிப், வேண்டும் என்றால் ஊட்டிக்கும் கோவைக்கும் போக வேண்டும். டிக்கெட் விலை என்றால் சென்னைதான்.

எங்கள் கோத்தகிரிப் பக்கம் பெரியவர்கள் இன்னும் ‘சேரன் பஸ் வந்துருச்சா?’ என்றுதான் கேட்பார்கள். 1972ல் கோவையில் தொடங்கிய சேரன் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் அப்படியே வாயில் நின்றுவிட்டது. 1997ல் மன்னர்கள், தலைவர்கள் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று பொதுப்பெயர் வைத்தார்கள். பெயர் பொது என்றாலும் நிறுவனம் ஒன்றல்ல. சென்னை மாநகரக் கழகத்தையும் விரைவுப் பேருந்துக் கழகத்தையும் சேர்த்து மொத்தம் எட்டு. நீலகிரி வருவது கோவைக் கழகத்தில்.

அது நிறுவனச் சட்டப்படி பதிவான ஒரு கம்பெனி. பங்கு முழுக்க அரசுடையது. இயக்குநர் குழுவுக்குப் போக்குவரத்துத் துறைச் செயலாளர் தலைவர். அன்றாட நிர்வாகம் கோவையில் இருக்கும் மேலாண் இயக்குநர் கையில். அவருக்குக் கீழே ஊட்டி மண்டலத்துக்குப் பொது மேலாளர், ஒவ்வொரு டிப்போவுக்கும் கிளை மேலாளர்.

கட்டணம் இவர்கள் யார் கையிலும் இல்லை, அரசாணை வர வேண்டும். 2021ல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது அது நகரப் பேருந்துகளுக்கு மட்டும். மலையில் ஏது டவுன் பஸ்? தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் டிக்கெட் எடுத்துத்தான் போனார்கள். 2024 பட்ஜெட்டில் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைக்கும் சேர்த்து அறிவித்த பிறகுதான் இங்கே கிடைத்தது. இந்த மாதிரி விஷயத்துக்கு டிப்போ வாசலில் நின்று பயனில்லை, எம்.எல்.ஏ.வைத்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் நேரம் என்பது வேறு. எங்கள் ஹட்டிக்கு (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) ஒரு ஸ்டே பஸ் உண்டு. இரவு கடைசி நடையாக வந்து நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் இங்கேயே படுத்து எழுந்து, விடியற்காலையில் பனி மூடிய கண்ணாடியை வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புவார்கள். அடுத்த நடை பள்ளி மணி அடித்த பிறகுதான் பள்ளி இருக்கிற ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. பெற்றோர் நாலைந்து பேர் போய்க் கிளை மேலாளரிடம் சொன்னோம். கண்டக்டரும் ‘ஆமாங்க சார், பிள்ளைங்க ஓடிப் போறாங்க’ என்றார். பதினைந்து நிமிடம் முன்னால் எடுக்க ஆரம்பித்தார்கள். பாதையை அறிந்தவர்கள் டிப்போவில்தான் இருக்கிறார்கள்.

புது நடை அவ்வளவு சுலபமல்ல. வண்டி வேண்டும், டிரைவர், கண்டக்டர் வேண்டும், கிலோமீட்டருக்கு என்ன கலெக்‌ஷன் என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் மலை பஸ் எப்போதும் தோற்கும். செகண்ட் கியரில் ஏறுகிற வண்டி டீசலை அதிகம் குடிக்கும், நாளுக்கு ஓடும் தூரமும் குறைவு. சமவெளி பஸ்ஸோடு வைத்து இதை அளப்பது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. இரவு ஏழு மணிக்கு மேல் காட்டெருமை நிற்கிற பாதையில் நடந்து வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு அந்த பஸ் என்ன என்பது கலெக்‌ஷனில் வராது.

அதனால் மனுவில் ‘பஸ் இல்லாமல் அவதிப்படுகிறோம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு, அதில் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை என்று ஒரு வாரம் நின்று எண்ணி எழுதுங்கள். ஊரில் பஸ் திரும்ப இடம் இருக்கிறதா என்பதையும் சேருங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஒரு பிரதி கிளை மேலாளருக்கு, ஒன்று ஊட்டிப் பொது மேலாளருக்கு. அப்புறம் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் ஒன்று கொடுத்து, மனு எண்ணைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.