அப்பாவின் துப்பாக்கியை அண்ணன் காரில் ஏற்றலாமா?

கேள்வி: எங்கள் அப்பா நிபோங் தெபால் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் எடுத்து ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு முன் தவறிவிட்டார். துப்பாக்கி இன்னும் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. தோட்டாக்கள் ஒரு பிஸ்கட் டின்னில். கோலாலம்பூரில் இருக்கும் அண்ணனுக்கு வயது 54. அவருக்கும் துப்பாக்கி லைசென்ஸ் உண்டு. “போர்வையில் சுற்றி கார் டிக்கியில் போட்டு, ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துப் போய்விடுகிறேன். அப்பா ஞாபகமாக என்னிடம் இருக்கட்டும்” என்கிறார். துணைக்கு 22 வயது மகனும் வருகிறானாம். எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால், “உனக்கு என்ன தெரியும்” என்கிறார்.
(பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்)

பதில்: சகோதரி, பயப்பட வேண்டிய விஷயத்துக்குத்தான் பயந்திருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அண்ணனுக்கு வாட்சப்பில் அனுப்பிவிடுங்கள். தங்கை பேச்சு எடுபடாத வீடுகளில் பத்திரிகைப் பேச்சு சில சமயம் எடுபடும்.

அண்ணன் சறுக்குவது “எனக்குத்தான் லைசென்ஸ் இருக்கிறதே” என்ற இடத்தில். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி கொடுக்கும் லைசென்ஸ், இன்ன ஆளுக்கு இன்ன துப்பாக்கி என்று கொடுப்பது. தோட்டா எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. உங்கள் கார் சாலை வரியைக் காட்டி எதிர்வீட்டுக்காரர் காரை ஓட்டிப் போக முடியுமா? அதே கதைதான். அண்ணன் கையில் இருப்பது அவருடைய துப்பாக்கிக்கான தாள். அப்பாவின் துப்பாக்கிக்கு இன்றைய தேதியில் தாளே கிடையாது. அப்பா பெயரில் இருந்தது அவரோடு முடிந்துபோனது. உயிலில் அண்ணன் பெயரை எழுதி வைத்திருந்தாலும், மாநிலப் போலீஸ் தலைவர் அவர் பெயருக்கு லைசென்ஸ் கொடுக்கும்வரை அதை அவர் வைத்துக்கொள்ள முடியாது.

சரி, பிடிபட்டால் என்ன ஆகும்? ஆயுதச் சட்டத்தில் மட்டும் பார்த்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அதற்கு மேல் 1971-இல் வந்த இன்னொரு சட்டம் இருக்கிறது, துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய சட்டம். அதில் அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறை, அதோடு 6-க்குக் குறையாத பிரம்படி. யாரையும் சுட்டிருக்க வேண்டாம், மிரட்டியிருக்கவும் வேண்டாம். வைத்திருந்தது போதும்.

அண்ணன் யோசிக்காத ஒன்று இங்கேதான் இருக்கிறது. துப்பாக்கி இருப்பது தெரிந்தே கூட இருந்தவருக்கும் அதே சட்டத்தில் அதே தண்டனை எழுதியிருக்கிறது. நம் நாட்டில் 50 வயது தாண்டிய ஆண்களுக்குப் பொதுவாகப் பிரம்படி கிடையாது. அண்ணனுக்கு 54. பக்கத்து சீட்டில் துணைக்கு உட்கார்ந்து வரும் பையனுக்கு 22. மிச்சத்தை அண்ணனே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

ராத்திரிப் பயணம் என்கிறார். இங்கிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். வழியில் ஒரு ரோட் பிளாக், அல்லது தாப்பா ஓய்வுத்தளத்தில் தேநீர் குடிக்கும்போது யாராவது காரை உடைத்துத் திருடினால்கூடப் போதும். திருட்டுப் போன துப்பாக்கிக்குப் போலீஸில் என்னவென்று ரிப்போர்ட் கொடுப்பார்?

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “பூட்டி வைத்தால் சட்டப்படி சரிதானே” என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே 1986-இல் வந்த ஒரு சட்டம், தோட்டா எடுத்த துப்பாக்கியைக் கை எட்டாத இடத்தில் வைத்து மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக வழி விடுகிறது. டிக்கி தனியாக இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டி வேண்டும், டாஷ்போர்டு அறை கணக்கில் வராது. அதுவும், புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அதை வைத்திருக்க உரிமை உள்ளவருக்கு மட்டும். அந்த ஊர்ச் சட்டம் ஜூரு டோல் தாண்டி ஒரு அடிகூட வராது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. நல்லெண்ணத்தில் நீங்களே அதைக் காரில் ஏற்றி போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள்; அந்தப் பத்து நிமிடமும் அது உங்கள் வசம்தான். வெறுங்கையோடு போங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், பழைய லைசென்ஸ், உங்கள் அடையாள அட்டை, இவை போதும். ஒரு ரிப்போர்ட் எழுதிவிட்டு, நீங்களே வந்து எடுத்துக்கொள்கிறீர்களா, நாங்கள் கொண்டுவர வேண்டுமா என்று கேளுங்கள். கொண்டுவரச் சொன்னால் எந்த அதிகாரி, எந்த நேரம், ரிப்போர்ட் எண் என்ன என்பதைக் குறித்துக்கொண்டு அதன்படி செய்யுங்கள். மூன்று மாதம் ஏன் தாமதம் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். துக்க வீட்டில் அலமாரியைத் திறந்து பார்க்க யாருக்கு மனம் வரும்? நாள் கடத்துவதுதான் ஆபத்து.

அதுவரை அலமாரியைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுங்கள். “உள்ளே தோட்டா இருக்கிறதா பார்க்கிறேன்” என்று யாரும் துப்பாக்கியை மடக்கித் திறந்து பார்க்க வேண்டாம். பிஸ்கட் டின்னும் அப்படியே இருக்கட்டும். பல வருடம் நம் ஊர் ஈரத்தில் கிடந்த தோட்டாவில் பித்தளை அடிப்பாகம் பச்சை பூத்து, மேல் உறை உப்பியிருக்கலாம். அதைக் குப்பைத் தொட்டியில் போடுவதோ ஆற்றில் வீசுவதோ வேண்டாம். எண்ணிக்கையோடு சேர்த்துத்தான் ஒப்படைக்க வேண்டும்.

அண்ணனுக்கு அது வேண்டுமென்றால் துப்பாக்கி போலீஸ் காவலில் இருக்கும்போதே தன் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டில் காட்டுப்பன்றி துப்பாக்கி எதற்கு என்று கேட்டால் என்ன பதில் சொல்வார், தெரியவில்லை. கிடைத்துவிட்டால், எடுத்துவரும் நாளில் குழலை மடக்கித் திறந்து இரண்டு துளையிலும் வெளிச்சம் தெரிகிறதா பார்த்து, உறையில் போட்டுப் பூட்டி, தோட்டாவைத் தனியாக வைத்து, லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பகலில், வழியில் எங்கும் காரை விட்டு இறங்காமல் வரட்டும்.

ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்கி இறப்புச் சான்றிதழோடு வையுங்கள். அப்பா தோட்டா செருகிக்கொண்டு போன தோல் வார் ஏதாவது இருந்தால், அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று அங்கேயே கேளுங்கள். சம்மதித்தால் அதை அண்ணனுக்குக் கொடுத்தனுப்பலாம். கொடுக்கும் முன் ஒவ்வொரு செருகலிலும் விரலை விட்டு, ஒன்றிலும் எதுவும் மாட்டிக்கொண்டில்லை என்று பார்த்துவிடுங்கள்.