அப்பாவுக்கு வீட்டு மெஷினில் பிபி 150, கிளினிக்கில் 136. எதை நம்புவது?

முதலில் கையில் சுற்றும் பட்டையைப் பாருங்கள். நான் பன்னிரண்டு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அப்படியிருந்தும் என் அம்மா விஷயத்தில் எனக்கு இது உறைக்க ஒரு மாதம் ஆனது.

அம்மாவுக்கு வீட்டில் பார்த்தால் 160-க்குக் கீழே இறங்கவே இல்லை. மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்குமோ என்று பயந்து போயிருந்தார். லீவில் ஊருக்குப் போனபோது தையல் டேப்பை எடுத்து மேல்கையின் நடுப்பகுதியை அளந்தேன். 35 செ.மீ. மெஷினோடு வந்த பட்டையில் 22 முதல் 32 என்று அச்சிட்டிருந்தது. பெரிய பட்டை வாங்கிச் சுற்றினேன்: 142. கைக்குச் சிறிய பட்டையாக இருந்தால் ரத்தக்குழாயை மூட அதிகமாகக் காற்றடிக்க வேண்டும். அந்தக் கூடுதல் அழுத்தத்தையும் மெஷின் பிபி என்றே காட்டிவிடும்.

பட்டை சரி என்றால் அடுத்தது உட்காரும் விதம். கை மேஜைமேல் இருக்க வேண்டும், பட்டை நெஞ்சு மட்டத்தில். கை 10 செ.மீ. கீழே இறங்கினாலே 7, 8 புள்ளி கூடிவிடும். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும், கால்மேல் கால் வேண்டாம். சட்டைக் கையை இறுக்கிச் சுருட்டிவிடாதீர்கள், கழற்றிவிடுவதே நல்லது. காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்கவே கூடாது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும், அப்போது பேச்சும் கூடாது. எங்கள் வார்டில்கூட "எப்படி இருக்கீங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டே பிபி பார்ப்பவர்கள் உண்டு. அன்பாகக் கேட்பதுதான், ஆனால் அளவு கூடிவிடும்.

டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்களை ஆபரேஷனில் இணைத்திருப்பது) போட்ட கை என்றால் அந்தக் கையில் பட்டையே கட்டாதீர்கள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்த மெஷின்கள் தடுமாறும், அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதெல்லாம் சரிசெய்த பிறகும் வீட்டில் 150 வந்தால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். டாக்டரைப் பார்த்ததும் பிபி ஏறுகிறவர்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியும். அதற்கு நேர்மாறாக, கிளினிக்கில் நன்றாக இருந்து வீட்டில் ஏறுகிறவர்களும் உண்டு. வீட்டு அளவுக்கு 135/85-ஐயே எல்லையாக எடுத்துக்கொள்வார்கள், கிளினிக்கின் 140/90-ஐ அல்ல. ஏழு நாள் காலையிலும் மாலையிலும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை பாருங்கள். வந்ததை வந்தபடியே நோட்டில் எழுதுங்கள். நோட்டோடு மெஷினையும் கொண்டுபோய் டாக்டர் முன்னாலேயே ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பல வீடுகளில் கொரோனா காலத்து ஆக்சிமீட்டரும் இருக்கும். நகப்பூச்சு, மருதாணி, சில்லிட்ட விரல் எல்லாம் அதைக் குழப்பும். அடர்நிறத் தோலில் அது ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டலாம் என்று அமெரிக்காவில் 2020-இல் வந்த ஆய்வு சொன்னது. நம்மில் பலருக்கும் அடர்நிறம்தான். அதனால் 94 என்று காட்டினாலும் அப்பா மூச்சு வாங்கினால் எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்.

பிபி 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் என்று ஏதாவது சேர்ந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்க வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.